எட்டு குரோனுக்கு ஒரு மார்க்: எஸ்தோனியா தன் பணத்தைக் கட்டிப்போட்ட கதை

எஸ்தோனியாவின் பழைய ஐந்து குரோன் தாளின் முன்பக்கத்தில் பால் கேரஸ் இருக்கிறார். சதுரங்கம் ஆடுபவர்களுக்கு இந்தப் பெயரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உலகப் பட்டத்துக்கான தகுதிப் போட்டிகளில் தொடர்ந்து நான்கு முறை இரண்டாம் இடம் பிடித்தவர். நார்வா ஊரில் பிறந்த எஸ்தோனியர். ஆடிய காலத்தில் பெரும்பகுதி சோவியத் கொடியின் கீழ். தாளைத் திருப்பினால் அதே நார்வாவின் ஆறு, கரைக்கு ஒன்றாக இரண்டு கோட்டைகள். இக்கரையில் எஸ்தோனியாவின் ஹெர்மன் கோட்டை, அக்கரையில் ரஷ்யாவின் இவான்கோரத். பக்கத்து நாட்டின் கோட்டையையும் சேர்த்துத் தன் பணத்தாளில் அச்சடித்த நாடுகள் அதிகம் இருக்காது.

குரோன் என்ற நாணயம் இரண்டாம் பிறவியில் பதினெட்டரை ஆண்டுகள்தான் வாழ்ந்தது: 1992 ஜூன் முதல் 2010 டிசம்பர் வரை. அந்தக் காலம் முழுவதும் அதன் மதிப்பு ஒருமுறைகூட மாறவில்லை. சுமார் 15 லட்சம் பேர் வாழ்ந்த, அதுவரை சோவியத் ரூபிளில் மூழ்கிக்கிடந்த ஒரு நாடு இதை எப்படிச் சாதித்தது என்று பொருளாதாரப் பாடமாக இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். எனக்கு இது முதலில் ஒரு வெளியுறவுக் கதையாகத்தான் தெரிகிறது. எஸ்தோனியா தன் பணத்தின் கடிவாளத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளவில்லை. மாஸ்கோவிடமிருந்து அதைப் பறித்த கையோடு, யார் கையில் கொடுப்பது என்று தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தது.

முதல் குரோனும் 1933-உம்

1918-இல் விடுதலை அறிவித்த எஸ்தோனியாவின் முதல் நாணயம் எஸ்தோனிய மார்க். அது சீக்கிரமே மதிப்பிழந்தது. ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கத்தின் ஆதரவோடு வெளிநாட்டில் கடன் திரட்டி, 1928 ஜனவரி 1 அன்று குரோனைக் கொண்டுவந்தார்கள். ஸ்வீடன் குரோனாவுக்கு எவ்வளவு தங்கமோ, குரோனுக்கும் அவ்வளவே தங்கம். பெயரும் அங்கிருந்து வந்தது, எடையும் அங்கிருந்து வந்தது. பால்டிக் கடலுக்கு அக்கரையில் இருந்த அமைதியான, வசதியான நாட்டைப் பார்த்து, நாங்களும் அந்த வரிசைதான் என்று சொல்லும் ஆசை அந்தச் சமன்பாட்டில் தெரியும்.

1931 செப்டம்பரில் பிரிட்டன் தங்கத்தோடு இருந்த கட்டை அறுத்துக்கொண்டது. சில நாட்களில் ஸ்வீடனும் பின்தொடர்ந்தது. எஸ்தோனியா மட்டும் பிடிவாதமாக நின்றது. வெண்ணெயும் பன்றியிறைச்சியும் விற்றுப் பிழைத்த நாட்டின் சரக்கு, வாங்குபவர்களின் நாணயம் இறங்கியதால் விலை கூடிப்போனது. விவசாயிகள் கடனில் சிக்கினார்கள். கடைசியில் 1933 ஜூனில் குரோனின் மதிப்பை 35 சதவீதம் குறைத்தார்கள். அதற்குள் அரசியல் கொதித்துவிட்டிருந்தது. விடுதலைப் போர் வீரர்களின் இயக்கம் தெருவுக்கு வந்தது. அதைக் காரணம் காட்டி, அரசின் தலைவராக இருந்த கான்ஸ்டான்டின் பேட்ஸ் 1934 மார்ச்சில் ஆட்சியைத் தன் கையில் எடுத்துக்கொண்டார்.

இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தை ஒரே விலையில் இறுக்கிப் பிடித்ததால் ஒரு தலைமுறை இந்த நாட்டில் அடி வாங்கியிருக்கிறது. இரண்டாவது குரோன் பிறந்தபோது இந்தப் பக்கத்தை யாரும் அதிகம் புரட்டவில்லை.

11 டன் தங்கம்

இந்த ஆய்வில் என்னை அதிகம் இழுத்த பகுதி இதுதான். ஒரு நாட்டுக்கு வெளியே யார் நண்பர், யார் வெறும் தெரிந்தவர் என்று அறிய அதன் தங்கம் எங்கே கிடந்தது, என்ன ஆனது என்று பார்த்தால் போதும்.

போர் மேகம் சூழ்ந்தபோது எஸ்தோனியாவின் மத்திய வங்கியான ஏஸ்தி பாங்க் தன் தங்கத்தின் பெரும்பகுதியை வெளிநாடுகளில் வைத்திருந்தது. லண்டனில் இங்கிலாந்து வங்கி, ஸ்டாக்ஹோமில் ஸ்வீடனின் மத்திய வங்கி, பாசலில் மத்திய வங்கிகளின் வங்கி எனப்படும் சர்வதேசத் தீர்வு வங்கி. மொத்தம் சுமார் 11 டன். 1940 ஜூனில் சோவியத் படை நாட்டுக்குள் வந்தது. ஆகஸ்டில் எஸ்தோனியா சோவியத் ஒன்றியத்தின் குடியரசாக ‘இணைந்தது’. குரோனுக்கு 1.25 ரூபிள் என்று விகிதம் வைத்து மாற்றினார்கள். கடைத்தெருவில் குரோனின் வாங்கும் சக்தி அதைவிட எவ்வளவோ அதிகம். உள்ளே இருந்த பணம் ஒரே வீச்சில் கரைந்தது. வெளியே இருந்த தங்கத்தையும் தங்களிடம் அனுப்பும்படி மாஸ்கோ கேட்டது.

மூன்று வங்கிகளிடமிருந்து மூன்று விதமான பதில் போனது. ஸ்டாக்ஹோம் கொடுத்துவிட்டது. நடுநிலை நாடு, பக்கத்தில் பெரிய வல்லரசு, சுற்றிலும் போர். காரணம் சொல்ல இடமிருந்தது. லண்டன் முடக்கி வைத்தது. பாசல் மறுத்துவிட்டது. அமெரிக்காவோ இந்த இணைப்பையே ஏற்கவில்லை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் தற்காலிகப் பொறுப்பாளர் சம்னர் வெல்ஸ் 1940 ஜூலை 23 அன்று வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு அரை நூற்றாண்டு காலம் வாஷிங்டனின் புத்தகத்தில் எஸ்தோனியா தனி நாடாகவே இருந்தது. நியூயார்க்கில் எர்ன்ஸ்ட் யாக்சன் என்ற தூதரக அதிகாரி, இல்லாத ஒரு நாட்டின் பெயரில் பல பத்தாண்டுகள் அலுவலகம் நடத்தினார்.

லண்டன் முடக்கியதோடு நின்றிருந்தால் கதை அழகாக முடிந்திருக்கும். 1967-இல் பிரதமர் ஹரால்ட் வில்சனின் அரசு அந்த பால்டிக் தங்கத்தை விற்றது. மறு ஆண்டு மாஸ்கோவோடு ஓர் ஒப்பந்தம்: உன் பாக்கி எனக்கு வேண்டாம், என் பாக்கி உனக்கு வேண்டாம். விற்ற பணம், பால்டிக் இணைப்பால் சொத்து இழந்த பிரிட்டிஷ்காரர்களின் கணக்கைத் தீர்க்கப் போனது. தங்கத்துக்குச் சொந்தக்காரர்களான எஸ்தோனியர், லாட்வியர், லிதுவேனியர் எவரும் அந்த மேசையில் இல்லை. சட்டப்படி எஸ்தோனியாவைச் சோவியத் மண் என்று ஏற்காத அதே பிரிட்டன்தான் இதைச் செய்தது.

1992-இல் கணக்கு திரும்பி வந்தது. விற்ற தங்கத்துக்கு ஈடாக அதே எடைத் தங்கத்தைத் தர பிரிட்டன் ஒப்புக்கொண்டது. விற்றபோது ஓர் அவுன்ஸ் 35 டாலர். திருப்பும்போது அதைப்போல ஏறக்குறைய பத்து மடங்கு. லண்டனுக்கு நல்ல வியாபாரம் என்று சொல்லமுடியாது. ஸ்வீடன் தான் கொடுத்துவிட்டதற்கு ஈடு செய்தது. பாசல் வங்கி பத்திரமாக வைத்திருந்ததை அப்படியே எடுத்துக் கொடுத்தது. போதாததற்கு எஸ்தோனிய நாடாளுமன்றம் 15 கோடி டாலர் மதிப்புள்ள அரசுக் காடுகளையும் மத்திய வங்கியின் பெயரில் பிணையாக வைத்தது. புதிய குரோன் பிறந்தபோது அதன் முதுகுக்குப் பின்னால் இருந்தவை இவைதாம்: தாத்தா காலத்துத் தங்கம், வெட்டப்படாத மரங்கள்.

‘அதிசயம்’ என்ற திட்டம்

1987 செப்டம்பர் 26 அன்று தார்த்து நகரின் ‘எதாசி’ நாளிதழில் நான்கு பேர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள்: சீம் கல்லாஸ், தீத் மாதே, எட்கர் சாவிசார், மிக் தித்மா. எஸ்தோனியா தன் பொருளாதாரத்தைத் தானே நடத்தட்டும் என்பது கோரிக்கை. அந்தத் திட்டத்தின் எஸ்தோனியப் பெயரின் சுருக்கம் ‘இமே’. அந்தச் சொல்லுக்கு எஸ்தோனிய மொழியில் அதிசயம் என்று பொருள். கோர்பச்சோவ் காலத்தில்கூட தனிநாடு என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்வது ஆபத்து. தனிக் கணக்கு என்று சொல்லலாம். ஆக, அரசியல் விடுதலைக்கு முன்னோட்டமாகப் பண விடுதலையைப் பேசினார்கள். நால்வரில் ஒருவரான கல்லாஸ், நான்கே ஆண்டுகளில், 1991 செப்டம்பரில், ஏஸ்தி பாங்க்கின் தலைவராக உட்கார்ந்தார்.

அவர் உட்கார்ந்தபோது நாடு இருந்த நிலை படுமோசம். ஆகஸ்ட் 20-இல் விடுதலையை மீட்டுக்கொண்டாயிற்று. கையில் இருந்த பணமோ இன்னமும் ரூபிள். அந்தக் குளிர்காலத்தில் எரிபொருள் வரத்து நின்று, வீடுகளுக்குச் சூடேற்ற வழியில்லாமல், தலைநகர் தாலினின் மக்களைக் கிராமங்களுக்கு அனுப்பலாமா என்றுகூட அரசு யோசித்தது. 1992 ஜனவரியில் ரஷ்யா விலைக் கட்டுப்பாட்டை எடுத்ததும் விலைவாசி தாவியது. பணத்தாள் அச்சகம் மாஸ்கோவில். அங்கிருந்து தாள் வராததால் சம்பளம் கொடுக்க ரொக்கம் இல்லை. 1992-இன் பணவீக்கம் ஆயிரம் சதவீதத்தைத் தாண்டியது. அந்நியன் அச்சடிக்கும் பணத்தில் வாழ்வது என்றால் என்ன என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் பாடம் நடத்தமுடியாது.

சர்வதேச நாணய நிதியம் முதலில் உற்சாகம் காட்டவில்லை. கொஞ்ச காலம் ரூபிள் வட்டத்துக்குள்ளேயே இருங்கள் என்பதுதான் அவர்கள் பேச்சின் தொனி. பிரதமர் தீத் வாஹி, கல்லாஸ், ஸ்வீடனில் வங்கிப் பொருளாதாரராக இருந்த எஸ்தோனியர் ரூடோல்ஃப் யாலகாஸ் ஆகிய மூவர் கொண்ட பணச் சீர்திருத்தக் குழு அதைக் கேட்டுக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது. 1992 மே 20 அன்று மூன்று சட்டங்கள் நிறைவேறின. ஆறு நாள் கழித்து எஸ்தோனியா நாணய நிதியத்தில் உறுப்பினரானது. நிதியமும் சுருதியை மாற்றிக்கொண்டது.

கையைக் கட்டிக்கொண்ட வங்கி

அந்தச் சட்டங்கள் சொன்னது எளிமையானது, கடுமையானது. எட்டு குரோன் என்றால் ஒரு ஜெர்மன் மார்க். புழக்கத்தில் விடும் ஒவ்வொரு குரோனுக்கும் ஈடாகத் தங்கமோ அந்நியச் செலாவணியோ பெட்டகத்தில் இருக்கவேண்டும். யார் குரோனைக் கொண்டுவந்தாலும் அதே விலையில் மார்க் கொடுக்கவேண்டும். மத்திய வங்கி அரசுக்குக் கடன் தரக்கூடாது. மதிப்பைக் குறைக்கும் அதிகாரம் மத்திய வங்கிக்கு இல்லை. அதற்கு நாடாளுமன்றம் சட்டத்தையே மாற்றவேண்டும்.

இப்படிப்பட்ட அமைப்பை நாணய வாரியம் என்பார்கள். இது புதுச் சரக்கு இல்லை. பிரிட்டிஷ் காலனிகளில் பரவலாக இருந்ததுதான். இலங்கையில் 1884 முதல் 1950-இல் மத்திய வங்கி வரும்வரை ரூபாய்த் தாள்கள் ஒரு நாணய வாரியத்தின் கீழ்தான் வந்தன. அங்கே காலனி ஒழிந்ததும் வாரியத்தைக் கலைத்து மத்திய வங்கியைக் கட்டினார்கள். சொந்த வங்கி சுதந்திரத்தின் அடையாளம். எஸ்தோனியர்களோ சுதந்திரம் வந்ததும் காலனிக் காலத்துக் கருவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொருவரும் எதைக் கண்டு பயந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம். எஸ்தோனியர்களின் பயம், அரசியல்வாதி கேட்டதும் அச்சடித்துக் கொடுக்கும் வங்கி. ஐம்பது ஆண்டு சோவியத் அனுபவம் கொண்ட நிர்வாகம் ஒரே இரவில் கட்டுப்பாடு கற்றுக்கொள்ளும் என்று அவர்களே நம்பவில்லை. அந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

ஏன் மார்க்? பழைய உறவைப் பார்த்தால் ஸ்வீடன் குரோனாவாக இருந்திருக்கவேண்டும். பக்கத்து வீட்டு வியாபாரத்தைப் பார்த்தால் பின்லாந்தின் மார்க்கா. தாலினிலிருந்து ஹெல்சிங்கிக்குக் கப்பலில் சில மணி நேரம், மொழியும் ஒன்றுக்கொன்று உறவு. இரண்டையும் விட்டு ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டஸ்பாங்க்கின் நிழலில் போய் நின்றார்கள். தேர்ந்தெடுத்த சில மாதங்களுக்குள் பின்லாந்து தன் நாணயத்தை மிதக்க விட்டது. ஸ்வீடன் தன் குரோனாவைக் காப்பாற்ற வட்டியை 500 சதவீதம்வரை ஏற்றிப் பார்த்துவிட்டு நவம்பரில் கைவிட்டது. உறவுக்காரரோடு கட்டியிருந்தால் புது குரோன் பிறந்த ஆண்டே கவிழ்ந்திருக்கும்.

எட்டு என்ற எண்ணும் யோசித்து வைத்ததுதான். சந்தையில் ஒரு மார்க் ஏறக்குறைய 80 ரூபிள் விலைபோனது. பத்து ரூபிளுக்கு ஒரு குரோன் என்றால் எட்டு வருகிறது. நாட்டின் உண்மையான விலைவாசியோடு ஒப்பிட்டால் இது குரோனை மிகத் தாழ்வாக வைத்த விலை. எஸ்தோனியாவில் எல்லாம் வெளிநாட்டவருக்குக் கொள்ளை மலிவு. ஏற்றுமதியாளர்களுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகள் நாணயம் அசையாமல் நிற்க, விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1993-இல்கூட பணவீக்கம் 90 சதவீதத்தை ஒட்டி இருந்தது. குரோன் வந்த மறுநாளே விலை நின்றுவிட்டது போல எழுதுபவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மூன்று நாள்

1992 ஜூன் 20, சனிக்கிழமை. நடுக்கோடை விழாவுக்கு இன்னும் சில நாட்கள். நாடெங்கும் பதிவுசெய்த மையங்களில் வரிசை. ஒருவர் 1500 ரூபிள்வரை பத்துக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்ளலாம். கையில் 150 குரோன். அதற்கு மேல் ரொக்கமாக வைத்திருந்தால் ஐம்பதுக்கு ஒன்று. வங்கிக் கணக்கில் இருந்தது பத்துக்கு ஒன்று. திங்கள் மாலைக்குள் முடிந்தது. முன்னாள் சோவியத் குடியரசுகளில் ரூபிளை விட்டு முதலில் வெளியேறி முழுமையான சொந்த நாணயம் கண்டது எஸ்தோனியா. லாட்வியாவும் லிதுவேனியாவும் இடைக்காலத் தாள்களை விட்டுப் பார்த்துவிட்டு 1993-இல்தான் லாட்ஸுக்கும் லிட்டாஸுக்கும் வந்து சேர்ந்தன.

இதில் ஒரு விஷயத்தை நின்று பார்க்கவேண்டும். அந்த 150 குரோனை வாங்க எஸ்தோனியக் குடியுரிமை தேவைப்படவில்லை. நாட்டில் நிரந்தரமாகக் குடியிருந்தால் போதும். ரஷ்ய மொழி பேசுபவருக்கும் அதே தொகை, அதே விகிதம். எட்டு நாள் கழித்து ஜூன் 28 அன்று புதிய அரசியல் சட்டத்துக்கான வாக்கெடுப்பு நடந்தபோது நிலைமை வேறு. 1940-க்கு முந்தைய குடிமக்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும்தான் வாக்கு. சோவியத் காலத்தில் குடிவந்தவர்கள், மக்கள்தொகையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பெரும்பாலும் வெளியே நின்றார்கள். நாணயம் எல்லோரையும் உள்ளே விட்டது, வாக்குச்சீட்டு விடவில்லை. ரஷ்ய மொழி பேசுபவர்களே பெரும்பான்மையான நார்வா நகரம் 1993 ஜூலையில் தன்னாட்சி கேட்டுத் தனி வாக்கெடுப்பு நடத்தியது. நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அப்போது நார்வாவின் சட்டைப் பைகளிலும் குரோன்தான் இருந்தது, அதிலும் நார்வா கோட்டையின் படம் போட்ட தாள்.

சேர்ந்த ரூபிள் மூட்டைகள் தனிக் கதை. வெளிநாட்டுக்கு விற்கப்பட்ட சுமார் 230 கோடி ரூபிள், ரஷ்யாவிலிருந்து பிரியப் போராடிய செச்சென்யாவுக்குப் போயிருந்தது. விற்பனை 1994-இல் அம்பலமானதும் பிரதமர் மார்ட் லாரின் அரசு செப்டம்பரில் நம்பிக்கையில்லா வாக்கெடுப்பில் விழுந்தது. செத்த பணம்கூட ஓர் அரசைக் கவிழ்த்தது.

மாஸ்கோவின் நிழல்

புது நாணயத்துக்கு முதல் சோதனை ஐந்தே மாதத்தில் வந்தது. 1992 நவம்பரில் மூன்று பெரிய வங்கிகளின் கதவுகள் மூடப்பட்டன. அவற்றில் இரண்டின் பணம் மாஸ்கோவின் வெளிநாட்டு வர்த்தக வங்கியில் முடக்கப்பட்டிருந்தது. சோவியத் ஒன்றியம் இறந்தும் அதன் கை எஸ்தோனிய வங்கிகளின் கழுத்தில் இருந்தது. மூன்றாவதான தார்த்து வணிக வங்கி தன் தவறுகளாலேயே விழுந்தது. வேறு எந்த நாட்டிலும் மத்திய வங்கி பணத்தை அச்சடித்து ஊற்றியிருக்கும். இங்கே சட்டம் கையைக் கட்டியிருந்தது. தார்த்து வங்கியைக் கலைத்தார்கள். மற்ற இரண்டையும் ஒன்றாக்கி அரசு மூலதனம் போட்டது. வைப்பாளர்களும் பங்குதாரர்களும் அடி வாங்கினார்கள். மார்க்கின் விலை எட்டிலேயே நின்றது. இந்த நாணயம் உண்மையிலேயே அசையாது என்று வெளியுலகம் நம்பத் தொடங்கியது அந்த நவம்பரில்தான் என்று நினைக்கிறேன்.

ரஷ்யா 1994-இல் எஸ்தோனியப் பொருட்களுக்கு இரட்டிப்புச் சுங்கவரி போட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் இறுதியில்தான் ரஷ்யப் படையின் கடைசி வீரர்கள் நாட்டைவிட்டுப் போனார்கள்; அதுவும் ஜூலையில் ரஷ்ய அதிபர் எல்ட்சினும் எஸ்தோனிய அதிபர் லென்னார்ட் மேரியும் மாஸ்கோவில் கையெழுத்திட்ட பிறகு. கிழக்கே கதவு குறுகக் குறுக வியாபாரம் மேற்கே திரும்பியது, பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும். மார்க்கோடு கட்டிய நாணயம் அந்தத் திருப்பத்துக்கு உதவியது: ஹெல்சிங்கி வியாபாரிக்கு நாளை என்ன விலை என்ற பயம் இல்லை. 1998-இல் ரூபிள் சரிந்தபோது கிழக்கையே நம்பியிருந்த பால், மீன் ஆலைகள் விழுந்தன. சில வங்கிகளும் விழுந்தன. நெருக்கடியில் மெலிந்த இரண்டு பெரிய வங்கிகளை ஸ்வீடன் வங்கிகள் வாங்கின. நாணயம் ஜெர்மனியோடு, வங்கி ஸ்வீடனோடு. இந்த இரண்டாவது கட்டு பத்து ஆண்டு கழித்துத்தான் கனத்தது.

1999-இல் யூரோ பிறந்ததும் யாரும் எதையும் அறிவிக்கத் தேவைப்படவில்லை. ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க், எட்டால் பெருக்கினால் 15.6466 குரோன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 மே மாதம் சேர்ந்து, அடுத்த மாதமே யூரோவின் காத்திருப்பு அறையான இரண்டாம் மாற்று விகித ஏற்பாட்டிலும் சேர்ந்தது. ஏற்ற இறக்கத்துக்கு 15 சதவீத இடம் இருந்தும், எஸ்தோனியா அதைத் தொடவில்லை.

2009

2007-இல் யூரோவுக்குப் போவதாகத் திட்டம். பணவீக்கம் வரம்பைத் தாண்டியதால் கதவு திறக்கவில்லை. வளர்ச்சி கொழுத்த காலம். ஸ்வீடன் வங்கிகள் வீட்டுக்கடனை அள்ளிக் கொடுத்தன, அதுவும் யூரோவில். சம்பளம் குரோனில், கடன் யூரோவில். குரோன் அசையாது என்று எல்லோரும் நம்பியதால் அது யாருக்கும் ஆபத்தாகத் தெரியவில்லை.

2008 இறுதியில் லாட்வியா நாணய நிதியத்திடம் போனது. அடுத்தது எஸ்தோனியா, குரோனை இறக்கித்தான் ஆகவேண்டும் என்று பேச்சு. 2009 பிப்ரவரியில் ஸ்வீடன் மத்திய வங்கி ஏஸ்தி பாங்க்குக்கு 1000 கோடி ஸ்வீடிஷ் குரோனாவரை தர முன்வந்தது. தங்கள் வங்கிகள் அங்கே சிக்கியிருந்தன. 1940-இல் தங்கத்தை மாஸ்கோவுக்குக் கொடுத்த வங்கியே இப்போது எஸ்தோனியாவுக்குப் பணம் நீட்டியது. இரண்டு தடவையும் ஸ்டாக்ஹோம் தன் பாதுகாப்பைத்தான் முதலில் பார்த்தது. இந்தத் தடவை அது எஸ்தோனியாவுக்குச் சாதகமாக அமைந்தது, அவ்வளவுதான்.

நாணயத்தின் விலையைக் குறைக்கமுடியாவிட்டால் மனிதர்களின் விலையைக் குறைக்கவேண்டும். அரசுச் சம்பளங்களை வெட்டினார்கள். ஜூலையில் மதிப்புக் கூட்டு வரி 18-இலிருந்து 20 சதவீதமானது. ஓய்வூதிய நிதியில் அரசின் பங்கை நிறுத்திவைத்தார்கள். 2009-இல் பொருளாதாரம் சுமார் 14 சதவீதம் சுருங்கியது. 2010 தொடக்கத்தில் வேலை செய்வோரையும் தேடுவோரையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வேலையில்லை. கப்பல் ஏறி பின்லாந்தில் கட்டட வேலைக்குப் போனவர்கள் பலர்.

விந்தை என்னவென்றால் இந்தச் சரிவுதான் யூரோவின் கதவைத் திறந்தது. விலைவாசி வீழ்ந்ததால் பணவீக்க வரம்பு தானாகவே நிறைவேறியது. செலவை வெட்டியதால் பற்றாக்குறை 3 சதவீதத்துக்குள் நின்றது. அரசுக் கடன் மொத்த உற்பத்தியில் 7 சதவீதம் அளவுதான். பிரஸ்ஸல்ஸில் இதை வீரம் என்றார்கள். 1931 முதல் 1933 வரை நடந்த அதே பிடிவாதம், அதே வலி. அப்போது வெளியே போக வழியில்லை. இப்போது ஹெல்சிங்கிக்குக் கப்பல் இருந்தது, ஐரோப்பிய நிதி இருந்தது, சுரங்கத்தின் முடிவில் யூரோ என்ற வெளிச்சம் இருந்தது. பிடிவாதம் வென்றது என்று சொல்வோர் இந்த மூன்றையும் கழித்துவிட்டுக் கணக்குப் போடுகிறார்கள். இதே மாதிரி வாரியத்தை டாலரோடு கட்டிய அர்ஜென்டினாவுக்கு அந்த மூன்றும் இல்லை. 2002 தொடக்கத்தில் அது உடைந்தது.

சொந்த நாணயம் போன பிறகு

2010 ஜூலை 13 அன்று ஐரோப்பிய நிதியமைச்சர்கள் இறுதி ஒப்புதல் கொடுத்தார்கள். விகிதம் அதே 15.6466. புத்தாண்டு நள்ளிரவில் பிரதமர் ஆண்ட்ரூஸ் அன்சிப், தாலினின் எஸ்தோனியா ஓபரா மண்டபத்தில் வைத்திருந்த ஏ.டி.எம்.மிலிருந்து யூரோ தாளை எடுத்துக் காட்டினார். அந்த மண்டபம்தான் ஐம்பது குரோன் தாளின் பின்பக்கத்தில் இருந்தது. இரண்டு வாரம் இரண்டு நாணயமும் புழங்கின. யூரோ வட்டத்தின் 17-ஆவது உறுப்பினர். முன்னாள் சோவியத் குடியரசுகளில் முதல்.

சேர்ந்த நேரம் பார்த்தால் வீடு எரியும்போது குடிபுகுந்த மாதிரி. கிரீஸ் அப்போதுதான் மீட்பு நிதி வாங்கிக்கொண்டிருந்தது. அன்று கிரேக்கரைவிடக் குறைவாகச் சம்பாதித்த எஸ்தோனியர், அவர்களைக் காப்பாற்றும் நிதிக்கு உத்தரவாதம் தரவேண்டியிருந்தது. அடுத்து வந்த ஐரோப்பிய நிலைப்பு நிதியில் ஒரு விதி: அவசரமானால் 85 சதவீத வாக்கோடு முடிவெடுக்கலாம், சிறு நாடு தடுக்கமுடியாது. இது நாடாளுமன்றத்தின் பணப்பை அதிகாரத்தைப் பறிக்கிறது என்று சட்டங்கள் அரசியல் சட்டத்துக்கு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் அதிகாரியான எஸ்தோனியாவின் நீதிக் காப்பாளர் வழக்குப் போட்டார். 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் 10-க்கு 9 என்ற கணக்கில் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன் வந்த குரோன் சட்டமும் ஒருவிதத்தில் இதே பேரம்தான். அப்போது யாரும் வழக்குப் போடவில்லை, ஏனென்றால் அப்போது எதிர்ப்பக்கத் தராசில் இருந்தது மாஸ்கோ. இப்போது ஒரு வித்தியாசம் உண்டு. புண்டஸ்பாங்க்கின் மேசையில் எஸ்தோனியாவுக்கு நாற்காலி இருந்ததில்லை. ஐரோப்பிய மத்திய வங்கியின் ஆளுநர் குழுவில் ஏஸ்தி பாங்க்கின் தலைவருக்கும் ஓர் இடம் இருக்கிறது. 1992-இல் இளம் ஆலோசகராக இருந்த ஆர்தோ ஹான்சன் 2012 முதல் ஏழு ஆண்டுகள் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சீம் கல்லாஸ் ஐரோப்பிய ஆணையரானார். அவர் மகள் காயா கல்லாஸ் பிரதமராக இருந்து, இப்போது ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுப் பொறுப்பில்.

நார்வாவில் ஆற்றின் மேல் பாலம் இன்றும் இருக்கிறது. 2024 முதல் வண்டிகள் போவதில்லை. நடந்து போகிறவர்களுக்கும் இரவில் கதவு சாத்திவிடுகிறார்கள். இரண்டு கோட்டைகளும் தாளில் இருந்தபடியே எதிரெதிரே நிற்கின்றன. பழைய குரோன் வைத்திருப்பவர்களுக்கு ஏஸ்தி பாங்க் கால வரம்பு வைக்கவில்லை. கேரஸ் படம் போட்ட அந்த ஐந்து குரோன் தாளை இன்று தாலினுக்குக் கொண்டுபோய் நீட்டினாலும் 32 சென்ட் எண்ணித் தருவார்கள்.